ஒரே குச்சியில் இரண்டு கை

ஷார்ஜாவிலிருந்து வந்த ரூக்சார் எனக்கு ஒரு நான்ஸ்டிக் தவா கொடுத்தாள். என் கணவருக்கு ஒரு வீடியோ கேம் கொடுத்தாள். இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும். ஆண்களுக்காகத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரூக்சார் என் மாமனார் அத்தாவுல்லாவின் தங்கை மகள். அதாவது என் கணவர் அஸ்கருக்கு முறைப்பெண். சின்ன வயதிலேயே இரண்டு பேருக்கும் பேசி வைத்திருந்தார்களாம். அப்புறம் ரூக்சாரைப் பெற்ற அத்தா, தன் அக்கா மகன் ஜைத்துக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று கொடுத்தும்விட்டார். அதற்குப் பிறகுதான் பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்கள். இதெல்லாம் நிக்காஹ் முடிந்து இரும்புலியூருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? ரூக்சார் ஷார்ஜாவில் இருந்தாள், நடுவில் ஒரு கடல் இருந்தது. அந்தக் கடலை நம்பித்தான் நான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டில், பக்ரீத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஜைத்துக்கு ஏதோ விசா மாற்ற வேண்டும் என்று இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். தங்கியது குன்றத்தூரில், ரூக்சாரின் அம்மா வீட்டில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கே வந்துவிடுவார்கள். ரூக்சார் என்னைவிட மூத்தவள் என்பதால் வாயால் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மனசுக்குள் என்னவெல்லாம் கூப்பிட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இன்னொரு கொடுமை. எங்களில் கணவரை மச்சான் என்று கூப்பிடுவோம். மாமன் மகனையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாலிலிருந்து ரூக்சார் "மச்சான்" என்பாள், சமையலறையிலிருந்து நான் "மச்சான்" என்பேன். அவர் முதலில் ஹால் பக்கம்தான் திரும்புவார். குற்றம் சொல்ல முடியாது. அவள் அந்த வார்த்தையைப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்கிறாள், நான் நிக்காஹ் ஆன நாளிலிருந்துதான் சொல்கிறேன். சீனியாரிட்டி அவளுக்கு.

முதல் ஞாயிறு அன்று அந்த கேமை டிவியில் மாட்டினார்கள். நான் டீத் தட்டோடு நின்று பார்த்தேன். வேறு வேறு கேம்களில் தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்த வீரர்களையெல்லாம் ஒரே மைதானத்தில் இறக்கி, அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் கேம் அது. வாள்காரன் ஒருவன், பந்தயக் கார் ஓட்டுகிறவன் ஒருவன், நெருப்பு கக்குகிற ஏதோ ஒன்று. எங்கள் குடும்பத்துக் கல்யாணங்கள் போலத்தான் இருந்தது. திரையின் மூலையில் ஒரு கட்டத்துக்குள் வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தது.

"மச்சான், அந்தக் கேள்விக்குறிய அமுக்குங்க" என்றாள் ரூக்சார். முகமெல்லாம் சிரிப்பு. ஷார்ஜாவிலேயே அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

அவர் அமுக்கினார். முன்பக்கம் மரப்பலகை போட்ட ஒரு கறுப்புப் பெட்டி, கை கால் முளைத்து, தலையில் ஒரு குச்சி ஆட, பீப் பீப் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. மற்ற வீரர்கள் எல்லாம் பளபளவென்று இருக்க இது மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது. கையை வீசினால் கலர் கலராகச் செங்கற்கள் பறந்தன.

என் கணவர் சோபாவை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஏய்! நம்ம பெட்டி!"

"அதான் மச்சான்! பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"செங்கல்லுக்குக் கலர் இருந்துச்சா? நம்ம டிவில வெள்ளையாத்தானே தெரியும்?"

"பிளாக் அண்ட் ஒயிட்ல வேற எப்படித் தெரியும்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. எந்தப் பெட்டி என்று நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

என் மாமனார் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில், லீவுக்கு வரும்போது இதே மாதிரி ஒரு பெட்டி, டிவியில் மாட்டி ஆடும் கேம், வாங்கி வந்திருக்கிறார். அப்போது தாம்பரத்திலேயே வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாதாம். அதற்கு இரண்டு குச்சிகள். குச்சியை ஆட்டினால் திரையில் நகரும், பக்கத்தில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கினால் சுடும். மாமனார் ஒரு குச்சியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று வேண்டுமே என்று. இதை நான் நம்பினேன். குவைத் கம்பளி இரண்டு இன்றைக்கும் அதே பீரோவில், பிரிக்காத கவருக்குள், எங்கள் யாருக்கும் குளிராமல் இருக்கிறது.

ஆக, ஒரு குச்சிதான். ரூக்சார் ஆட்டுவாள், அஸ்கர் அமுக்குவார். பள்ளிக்கூட லீவு முழுக்க இதே வேலை. பக்கத்துத் தெரு பிள்ளைகள் யார் வந்தாலும் இந்த ஜோடியை ஜெயிக்க முடியாதாம். இதைச் சொல்லும்போது என் கணவரின் குரலில் ஒரு பெருமை இருந்தது. மறைமலை நகர் கம்பெனியில் அவருக்குப் புரமோஷன் வந்தபோதுகூட அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

சொல்லி முடித்துவிட்டு இரண்டு பேரும் கார்பெட்டில் உட்கார்ந்தார்கள். புது கேமுக்கும் இரண்டு ரிமோட் இருந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எடுக்கவில்லை. ஒரே ரிமோட்டை நடுவில் வைத்து, இடது பாதியை அவள் பிடித்தாள், வலது பாதியை அவர் பிடித்தார். அவள் ஓட்ட, அவர் அமுக்க, பெட்டி பறந்து பறந்து அடித்தது. எதிரே இன்னொரு ரிமோட்டோடு உட்கார்ந்திருந்த ஜைத் கண் மூடித் திறப்பதற்குள் தோற்றான். அவன் நல்ல மனுஷன். தோற்றுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, சோபாவிலேயே தூங்கிப்போனான்.

நான் தூங்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தோளோடு தோள் இடிக்கவில்லை. விரல் மேல் விரல் படவில்லை. பட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் துள்ளவிட்ட அதே நொடியில் அவர் அமுக்கினார். 'இப்போ' என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

இதே மனுஷனோடு நான் ஒரு கட்டிலை நகர்த்த முடியாது. நான் தூக்கும்போது அவர் தள்ளுவார், நான் தள்ளும்போது அவர் தூக்குவார். கடைசியில் என் கால் விரல்தான் நசுங்கும். கொடியில் காய்ந்த போர்வையை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிடும். அப்படிப்பட்டவர் அங்கே சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ரிமோட்டின் இடது பாதி எனக்கு வேண்டும் என்று தோன்றியது. தவாவும் வேண்டாம், நகையும் வேண்டாம், அவர் பக்கத்தில் அந்த இடம் வேண்டும்.

மறுநாள் காலை டிபன் பாக்ஸ் கட்டும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "ரெண்டு ரிமோட் இருக்கே. ஆளுக்கு ஒண்ணு வெச்சு ஆடினா என்ன?"

"தனியா ஆடினா எனக்கு வராது ஆஃபியா. எனக்கு அமுக்க மட்டும்தான் தெரியும். ஓட்ட வராது."

"அப்ப நான் ஓட்டுறேன். நீங்க அமுக்குங்க."

அவர் சிரித்தார். "நீயா?" என்று கேட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த "நீயா" எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் டிவியைப் போட்டேன்.

அந்த கேம் என்னை மதிக்கவே இல்லை. பெட்டியை இடது பக்கம் போகச் சொன்னால் மைதானத்தைவிட்டே கீழே விழுந்தது. ஒரு கையால் ஓட்டத்தான் எனக்கு ஆசை. ஆனால் அமுக்க ஆள் இல்லாமல் ஓட்டி என்ன பயன்? பெட்டி சும்மா வாக்கிங் போய் அடி வாங்கிக்கொண்டு வந்தது. அதனால் வலது கையையும் பழக வேண்டியதாயிற்று. அதிலும் கம்ப்யூட்டரோடு மோதினால் அது எப்போதும் ஒரே மாதிரிதான் அடித்தது. மனுஷரோடு மோத வேண்டும் என்று புரிந்தது.

பக்கத்து வீட்டு ஜோசலின் அக்காவைப் பிடித்தேன். கான்வென்ட்டில் கணக்கு டீச்சர். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"உனக்கென்ன பைத்தியமா ஆஃபியா? இந்த வயசுல வீடியோ கேம்?" என்றார்.

"அந்தக் கார்க்காரனை எடுத்துக்கிட்டு என்னை அடிங்க அக்கா. அது போதும்."

"சரி, ஒரே ஒரு கேம்தான். எனக்கு பேப்பர் கரெக்‌ஷன் இருக்கு."

ஒரு கேம் ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த நாள் நான் கூப்பிடவே இல்லை, கைப்பையை வைத்த கையோடு அவரே வந்துவிட்டார். கத்துவார், கர்த்தரைக் கூப்பிடுவார், தோற்றால் ரிமோட் சரியில்லை என்பார். ஒரு நாள், "அக்கா, நான் ஓட்டுறேன், நீங்க அமுக்குங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் முடியாது. எனக்கு முழுசா வேணும்" என்றார். ஆகவே எதிரியாகவே இருந்தார். நானும் இரண்டு கையாலும் அடித்தேன். ஐந்தரை மணிக்கு ஒயரைச் சுற்றி, இருந்த இடத்தில் இருந்த மாதிரி வைத்துவிடுவேன். கணவர் வரும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிறு தவறாமல் அவர்கள் வந்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டே பாடம் படித்தேன். ரூக்சார் எப்போது துள்ளுகிறாள், எப்போது பின்வாங்குகிறாள் என்று பார்த்து, திங்கட்கிழமை அதையே செய்து பார்த்தேன். கையில் அவள் சாமர்த்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்ததும் எரிச்சல் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அவளுக்கு இதெல்லாம் யாரிடமும் படிக்காமலே வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்ரீத் சமயத்தில் என் மாமியார் அக்தர் பேகம் பீரோவைக் காலி செய்து தூசி தட்டினார். நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே கறுப்புக் குச்சி, சிவப்பு பட்டன். ஒரு கீறல் இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் மாமனாரின் கஞ்சத்தனம்தானே. இந்தக் குச்சியையும் கொடுத்திருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பார்கள், ஜோடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"மாமா இதைப் பிள்ளைங்க கையில கடைசி வரைக்கும் குடுக்கவே இல்லையா மாமி?" என்றேன்.

"ஏன் குடுக்கல? அடுத்த பெருநாளுக்கே பீரோவைத் திறந்து குடுத்துட்டாரு. இதுங்க ரெண்டும்தான் வேணாம்னு திருப்பிக் கொண்டாந்து வெச்சுதுங்க. 'ஒண்ணே போதும் மாமா'ன்னு ரூக்சார் சொல்லுச்சு. உன் புருஷன் தலையத் தலைய ஆட்டிக்கிட்டு நின்னான்." மாமியார் சிரித்துக்கொண்டே கவரை மறுபடியும் உள்ளே வைத்தார்.

வேறு வழியில்லாமல் ஒன்றாக ஆடினார்கள் என்றால் அது வேறு. வழி இருந்தும் வேண்டாம் என்று ஒன்றாக ஆடியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்தான், விவரம் தெரியாத வயசுதான். அந்த வயசில் ஒருவரை இப்படித் தேர்ந்தெடுப்பதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என்னை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பல்லாவரத்துக்கு ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தார்.

பெருநாள் அன்று வீடு நிறைய ஆட்கள். குர்பானி கறி பங்கு பிரித்துக் கொடுத்து, பிரியாணியும் தாளிச்சாவும் ஆகி, ஜோசலின் அக்கா வீட்டுக்குத் தனியாக அனுப்பி, எல்லாரும் ஹாலில் சாய்ந்தார்கள். வழக்கம் போல கேமை மாட்டினார்கள். வழக்கம் போல ரூக்சார் இடது பக்கம் உட்கார்ந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் நின்றேன்.

"அக்கா, இன்னைக்கு அந்தப் பக்கம் நான் உக்காரட்டுமா?"

"வா ஆஃபியா, வா வா" என்று ரூக்சார் உடனே எழுந்து இடம் விட்டாள். கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

என் கணவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ரிமோட்டின் இடது பாதியைப் பிடித்தேன். வலது பாதியில் அவர் விரல். இத்தனை நாள் ஆசைப்பட்ட இடம். எதிரே ஜைத். ஆட்டம் ஆரம்பித்ததும் பெட்டியை அழகாக ஓட்டிக்கொண்டு போய், வாள்காரனின் தலைக்கு மேலே துள்ளவிட்டேன். அவர் அமுக்கவில்லை. கீழே இறங்கிய பிறகு அமுக்கினார். செங்கல் காலி இடத்தில் போய் விழுந்தது.

"இப்ப அமுக்கணும்" என்றேன்.

"நீ இன்னும் கொஞ்சம் இருந்துதான் குதிப்பேன்னு நெனைச்சேன்."

மறுபடி துள்ளினேன். இந்த முறை நான் துள்ளுவதற்கு முன்னாலேயே அமுக்கிவிட்டார். நான் ஓட, அவர் நிற்க, நான் நிற்க, அவர் அடிக்க, பெட்டி கிறுக்குப் பிடித்தது போல ஆடியது. ஒரு மாதமாக யாரையும் ஜெயிக்காத ஜைத் எங்களை ஜெயித்தான். சோபா மேல் ஏறி நின்று ஆடினான். ஹாலே சிரித்தது. இன்னொரு ஆட்டம் ஆடினோம். அதிலும் தோற்றோம்.

"பரவால்ல விடு, முதல் தடவைதானே" என்று என் கணவர் அன்பாகச் சொன்னார். அந்த அன்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முழுசா என்கிட்ட குடுங்க" என்று ரிமோட்டைப் பிடுங்கினேன்.

அதற்கப்புறம் நடந்தது ஜைத்துக்குப் பெருநாளாக இருந்திருக்காது. அவன் வாள்காரனைத் தூக்கித் தூக்கி அடித்தேன். அவன் எழுந்தால் அடித்தேன், ஓடினால் முன்னால் போய் நின்று அடித்தேன். ஆட்டம் முடிந்தது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார்.

"எப்படி ஆஃபியா? எப்பக் கத்துக்கிட்டே?" என் கணவருக்கு வாய் மூடவே இல்லை. "இவ்ளோ நாளா வெங்காயம் உரிச்சிட்டிருந்தியே!"

"மச்சான், விடக் கூடாது. வாங்க" என்று ரூக்சார் ஜைத்திடமிருந்து ரிமோட்டை வாங்கினாள். என் கணவர் எழுந்து அந்தப் பக்கம் போனார். அவள் இடது பாதி, அவர் வலது பாதி. எதிரே நான், இரண்டு கையாலும்.

நன்றாகத்தான் ஆடினார்கள். சொல்லாமல் துள்ளினாள், கேட்காமல் அமுக்கினார். ஆனால் அவள் எப்போது துள்ளுவாள் என்பது இப்போது எனக்கும் தெரியும். துள்ளும் இடத்துக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்து அடித்தேன். இரும்புலியூரில் யாராலும் ஜெயிக்க முடியாத ஜோடியை நான் ஜெயித்தேன். மாமியார் என் தலையைச் சுற்றி நெட்டி முறித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ரூக்சாரும் தட்டினாள்.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அது வாடும் என்றுதானே இத்தனை பாடுபட்டேன்.

"நீங்க லேட்டு மச்சான்!"

"நீதான் சீக்கிரம் குதிச்சே!"

"நான் எப்பவும் குதிக்கிற இடம்தான்."

"எப்பவும் நீ அங்க குதிச்சு, எப்பவும் நான்தான் திட்டு வாங்குறேன்!"

ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இன்னொரு ஆட்டம் கேட்டார்கள். அதிலும் தோற்கடித்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். தோற்கத் தோற்க அவர்களுக்குப் பேச எத்தனையோ இருந்தது. ஜெயித்த எனக்குப் பேச ஆள் இல்லை.

என் பக்கத்தில் கார்பெட்டில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. ரிமோட்டிலிருந்து வலது கையை எடுத்து அந்த இடத்தைத் தட்டினேன்.

"மச்சான், இங்க வாங்க. இப்ப நான் சரியா ஓட்டுறேன். நீங்க அமுக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகம் முழுக்கப் பெருமை. நிக்காஹ் ஆனதிலிருந்து என்னை அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"உனக்கு எதுக்கு ஆளு? ரெண்டு கையாலயும் நீயே வெளுத்து வாங்குறே. நான் வந்தா கெடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, ரூக்சார் பக்கம் திரும்பினார். "ஏய், இந்தத் தடவை கொஞ்சம் நின்னு குதி."

அவள் ரிமோட்டின் வலது பாதியை அவர் பக்கம் நகர்த்தினாள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். இந்த ஒரு ஆட்டத்தையாவது தோற்றுத் தொலைக்கலாம் என்று பார்த்தேன். கை கேட்கவில்லை.